மடித்த தாளின் அளவு

"அம்மா, நான் கேக்கிற அளவு பிரிண்டர்ல இல்லை."

காந்திமதிநாதன் வந்து நின்றதும் சொன்னது இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

உலகம்மாள் சுரைக்காய் விதை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து விதைக்கு ஒரு பொட்டலம். கையிலிருந்த பொட்டலத்தை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எந்த அளவு அண்ணாச்சி?"

"அகலம் தொண்ணூத்தாறு புள்ளி எட்டு. உயரம் நூத்து முப்பத்தொன்பது புள்ளி நாலு. மில்லிமீட்டர்."

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டார்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த வீடு. உலகம்மாள் காய்கறி விதை விற்றுப் பிழைக்கிறவள். கீரைக்கு ஒரு அளவில் பொட்டலம், பூசணிக்கு வேறு அளவு. பொட்டலத் தாளில் பெயரையும் விதைக்கும் மாதத்தையும் வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சடித்துக்கொள்வாள். கடையில் முடியாது என்று கைவிரித்த அளவெல்லாம் அவள் வீட்டில் அச்சாகும் என்று ஒரு பெயர்.

அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. மனசு கெட்டுப்போனவர்கள் அங்கே போய் வந்தால் தெளிகிறது என்று நாலு பேர் சொன்னார்கள். அவளாக அப்படி எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. வந்தவர்களை விதை எண்ணச் சொல்வாள். சிலருக்கு அதிலேயே ஏதோ விளங்கிவிடும். விளங்காதவர்கள் அவளைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறுவார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. வந்தவருக்கு அறுபத்தேழு. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம், மோட்சம் என்று எதையும் அவர் கேட்டு வரவில்லை. ஒரு தாளின் அளவைப் பிரிண்டரில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன தாளு?"

அவர் டின்னைத் திறந்தார். உள்ளே தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள், கட்டுக் கட்டாக, நூல் போட்டுக் கட்டியிருந்தன. முன்பக்கம் தேதி. பின்பக்கம் நீல மையில் ஒரு வரி, இரண்டு வரி.

"யாரு எழுதினது?"

"வீட்டுக்காரி. சொர்ணம்."

"அவங்க வரலையா?"

"போன ஆடியில தவறிட்டா. திங்கக்கிழமை வருசத் திவசம்."

உலகம்மாள் விதைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பதினொரு வருசம் நாங்க பேசிக்கிடலை அம்மா. ஒரே வீட்டுலதான் இருந்தோம்."

*

நடந்தது பெரிய சண்டைகூட இல்லை. சொர்ணத்தின் அண்ணன் வீட்டில் பாகம் பிரித்தார்கள். மாப்பிள்ளையே சர்வேயர், அவரே அளக்கட்டும் என்றார்கள். காந்திமதிநாதன் அளந்தார். எல்லைக் கல் விழுந்த இடத்தில் அண்ணன் குடும்பம் மூன்று தலைமுறையாக இறைத்த கிணறு பங்காளி பக்கம் போய்விட்டது.

"ஒரு அடி தள்ளிப் போட்டிருந்தா உங்க அளவுச் சங்கிலி அறுந்தா போயிருக்கும்?" என்று கேட்டாள் சொர்ணம்.

"அளவு அளவுதான்."

"நீங்க அளக்கவே பிறந்தவரு. மனுசங்களோட இருக்கப் பிறக்கலை."

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு மாதம் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில், காப்பி டம்ளருக்கு அடியில் முந்தின நாள் காலண்டர் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம், 'சிலிண்டர்ல கேஸ் தீர்ந்துபோச்சு' என்று எழுதியிருந்தாள்.

அவர் அதை மடித்தபடியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது பிரித்துப் படித்தார். மறுநாள் கேஸ் வந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். மாத்திரை, குடைக்கம்பி, மருமகனுக்கு உடம்பு சரியில்லை, மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. அவர் சட்டைப் பையில் போடுவார், சாயங்காலம் படிப்பார், முடிந்ததைச் செய்வார். ஒரு தாளுக்கும் பதில் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு தாள்.

"இப்ப என்ன வேணும் அண்ணாச்சி?"

"கடைசித் தாள்ல, அவ எழுத்துக்குக் கீழ, ஒரே ஒரு வார்த்தை அச்சடிக்கணும். திவசத்தன்னைக்கு அவ படத்துக்கு முன்னால வைக்கணும்."

"என்ன வார்த்தை?"

"சரி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதைக் கையால எழுதிறலாமே."

அவர் வலது கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின. அடக்கப் பார்த்தார், நடுக்கம் கூடியது.

"எங்க வீட்டுக்காரவுக எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ அவ. வரைபடத்துல நான் எழுதினதைப் பாத்துத்தான் என்னைக் கட்டிக்கிட்டேன்னு சொல்லுவா. இந்தக் கோழிக் கிறுக்கலை அவகிட்ட நீட்ட மாட்டேன்."

"சரி. அந்தத் தொண்ணூத்தாறு புள்ளி எட்டு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் முகத்தில் கொஞ்சம் தொழில் பெருமை வந்தது.

"காலண்டர் தாளு கிழிக்கிறப்ப ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி கிழியும். ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். எந்த அளவைப் போட்டாலும் பிரிண்டர் ஆரஞ்சு விளக்கை மினுக்கிக்கிட்டு நின்னுருது. அதான் அத்தனை தாளையும் அளந்து சராசரி எடுத்தேன். ரெண்டு மாசம் ஆச்சு."

"இந்த அளவுள்ள தாளு ஒண்ணை எடுங்க. போட்டுப் பாப்போம்."

அவர் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு கட்டை அவிழ்த்தார். அளந்தார். இன்னொரு கட்டை அவிழ்த்தார். உலகம்மாள் புடலை விதைக்குப் போனாள், அதை முடித்துப் பீர்க்கு விதைக்குப் போனாள். வெளியே வெளிச்சம் மங்கியது.

"ஒண்ணுகூட அந்த அளவுல இல்லை அம்மா."

"அப்ப அது என்னைக்கு உள்ள தாளு?"

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். தாள்களைத் திரும்ப நூல் போட்டுக் கட்டினார். கை நடுக்கத்தில் முடிச்சு விழ நேரமானது.

*

ஆடி மாதம். மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டது.

உலகம்மாள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது அவள் வழக்கம். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

காந்திமதிநாதன் வெளியே வந்தார். வானத்தைப் பார்த்தார். காலி நாற்காலியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தார்.

"அதை எதுக்கு எடுத்தீங்க?"

"சாரல் விழுது. நனையுமே."

"நானும்தான் நனையுதேன்."

அவர் நின்றார்.

"பழக்கம் அம்மா. எங்க வீட்டுலயும் நான்தான் எடுத்துப் போடுவேன்." பிறகு அவராகவே சொன்னார். "அன்னைக்கும் இப்படித்தான் சாரல். சொர்ணம் வாசல்ல உக்காந்திருந்தா. பக்கத்துல ஒரு சேர் சும்மா கிடந்துச்சு. நனையுதேன்னு எடுத்து உள்ள போட்டேன். என்னை நிமிந்து பாத்தா. ஒண்ணும் சொல்லலை. விளக்கு வைக்கிறவரைக்கும் அங்கனேயே இருந்தா. மறுநாள் காலையில எந்திரிக்கலை."

"கடைசித் தாளு என்னைக்கு வச்சது?"

"அன்னைக்குக் காலையிலதான்."

"என்ன எழுதியிருந்தாங்க?"

அவர் மறுபடி வானத்தைப் பார்த்தார். தலை நனைகிறது என்று சொல்லிவிட்டு, வருகிறவர்கள் தங்குவதற்கென்று முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஓட்டு அறைக்குப் போய்விட்டார்.

*

சனிக்கிழமை காலையில் கஞ்சி. பக்கத்தில் டம்ளரில் சுக்குக்காப்பி. டம்ளருக்கு அடியில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது.

அவர் கை அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டது. அவர் போட்டார் என்று சொல்வதைவிடக் கை போட்டது என்று சொல்வதுதான் பொருத்தம். பதினொரு வருசம் பழகின கை.

கஞ்சியை ஒரு வாய் குடித்தார். உப்பு இல்லை. துளிகூட இல்லை.

எதிரே உலகம்மாள் அதே கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். வேகமாகக் குடிக்கவில்லை. இந்த வீட்டு விரதம் இப்படிப் போலிருக்கிறது, ஞானிகளுக்கு நாக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் குடித்து முடித்தார்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"இந்தப் பட்டியலைப் பாருங்க. நான் சேத்து வச்ச அளவு எல்லாம் இதுல இருக்கு."

அவரை, கொத்தவரை, சட்டைப் பை, சுரை, புடலை, வெண்டை என்று வரிசையாகப் போயிற்று. சட்டைப் பை என்பது ஏதோ மலைப்பக்கத்து அவரை என்று நினைத்து அவர் அதைத் தாண்டிப் போனார்.

"கீழ 'புதுசு'ன்னு இருக்கும். அதை அமுக்குங்க. அகலம் கேக்கும், உயரம் கேக்கும், ஒரு பேரு கேக்கும். மூணையும் குடுத்தாத்தான் சேத்துக்கிடும்."

அவர் இப்போது சராசரியைப் போடவில்லை. அகலம் தொண்ணூற்றேழு. உயரம் நூற்று முப்பத்திரண்டு.

"கடைசித் தாளா?"

"ஆமா. மத்ததைவிடக் கொஞ்சம் குட்டை. மேல கிழிஞ்சிருக்கும்போல."

"பேரு?"

பெயருக்கான கட்டத்தில் கோடு துடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'கடைசி' என்று அடித்தார்.

"ஒண்ணு மறந்திராதீங்க. எழுதுற பக்கத்துலயும் இந்த அளவு இருக்கணும், மெஷின்லயும் இதே அளவு இருக்கணும், உள்ள வைக்கிற தாளும் இதேதான் இருக்கணும். ஒண்ணுக்கொண்ணு வேறயா இருந்தா அது நின்னுக்கிடும். ஓரத்துத் தகட்டைத் தாளுக்கு ஒட்டினாப்ல தள்ளி வச்சுக்கிடுங்க. அழுத்த வேண்டாம்."

சாரல் காலத்தில் தாள் ஈரம் வாங்கிச் சுருண்டுவிடும் என்று வெள்ளைத் தாளை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். அதிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அந்த அளவுக்கு வெட்டி வெட்டி வைத்தார்.

முதல் தாளிலேயே அச்சு விழுந்தது. சரி.

இடம் கொஞ்சம் மேலே போயிருந்தது. இறக்கினார். சரி. எழுத்து பெரிதாக இருந்தது. குறைத்தார். சரி. வலது பக்கம் ஒதுக்கிப் பார்த்தார். நடுவில் வைத்துப் பார்த்தார். சாயங்காலம் ஆவதற்குள் தரையெல்லாம் தாள் கிடந்தது.

உலகம்மாள் குனிந்து பொறுக்கினாள். நாற்பது தாள் இருந்தது.

"எதுக்கு அண்ணாச்சி இத்தனை சரி?"

"அந்தத் தாளு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு அம்மா. அதுல பிசகிறக் கூடாது."

அன்று சாயங்காலமும் கஞ்சியில் உப்பு இல்லை. அன்று சாயங்காலமும் அவர் காலி நாற்காலியை எடுத்து உள்ளே போட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி கஞ்சி. மறுபடி டம்ளருக்கு அடியில் தாள். கை அதைப் பையில் போட்டது.

உப்பில்லாத கஞ்சி அன்று நெஞ்சிலேயே நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினார்.

"அந்தத் தாளை எடுங்க," என்றாள் உலகம்மாள். "நாளைக்குத் திவசம். மதிய பஸ்ஸுக்கு நீங்க போகணும்."

அவர் டின்னின் அடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உறைக்குள் பாதியாக மடித்த காலண்டர் தாள். மடிப்பு கத்தி வைத்தது போல் கூர்மையாக இருந்தது.

உலகம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை. பார்த்தாள்.

"இதோட உயரத்தை எப்படி அளந்தீங்க?"

"மடிச்ச உயரம் அறுபத்தாறு. ரெண்டால பெருக்கினேன்."

"பிரிச்சு அளக்கலையா?"

"ஆத்துக்கு அக்கரை போகாமலே அகலத்தைக் கணக்குப் போட்டுறலாம் அம்மா. எங்க தொழில்ல அப்படித்தான்."

"அக்கரைக்குப் போக முடியாதப்ப அப்படிச் செய்வீங்க. இது உங்க கையிலதானே இருக்கு?"

பிரிண்டர் தயாராக இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க இதைப் படிக்கவே இல்லை," என்றாள் அவள்.

அவர் உறையை மடியில் வைத்துக்கொண்டார். பேசியபோது குரல் கீழே இறங்கியிருந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் சட்டையைக் கழத்திக் கொடியில போட்டேன். பையில இது இருந்தது மறந்துபோச்சு. மறுநாள் அவ இல்லை. பதினாறு கழிச்சுத் துவைக்க எடுக்கிறப்பதான் கையில தட்டுச்சு. பிரிக்க முடியலை. ஒரு வருசமா முடியலை. திட்டியிருந்தான்னா பரவாயில்லை அம்மா, வாங்கிக்கிடுவேன். எதையாவது கேட்டிருந்தான்னா? நெஞ்சு வலிக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருந்தான்னா?"

"அதுக்குத்தான் அந்தச் 'சரி'யா?"

"அவ எது கேட்டிருந்தாலும் அந்த ஒரு வார்த்தை பொருந்தும். கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மெஷின்ல வச்சிரலாம்னு நினைச்சேன்."

உலகம்மாள் கை நீட்டிப் பிரிண்டரை அணைத்தாள். விதைத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு நாளா இங்க கிடக்கேன். இப்படிச் செய்ங்க, அப்படிச் செய்ங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஊர்ல என்னென்னமோ சொன்னாங்க. வந்ததுக்கு உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சதுதான் மிச்சம்."

"கஞ்சியில உப்பு இல்லையா?"

"இல்லை."

"இப்பத்தானே சொல்லுதீங்க."

"இங்க உள்ள விரதம்னு நினைச்சேன்."

"விரதமெல்லாம் இல்லை. எனக்கு உப்பு வேணும் அண்ணாச்சி. உப்பில்லாம ஒரு வாய் இறங்காது."

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

அவள் விதையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சட்டைப் பையைக் காட்டினாள்.

அவர் பைக்குள் கைவிட்டார். மடித்த தாள் இரண்டு வந்தது. ஒன்று கசங்கியிருந்தது. வெள்ளைத் தாளைக் காலண்டர் தாள் அளவுக்கு வெட்டி அச்சடித்திருந்தாள்; பட்டியலில் இருந்த 'சட்டைப் பை' அளவு இதுதான்.

முதல் தாளில் இப்படி இருந்தது: கஞ்சியில் உப்பு போடவில்லை. உப்பு ஜன்னலில் இருக்கிறது. நீங்கள் எடுக்கும்போது எனக்கும் கொஞ்சம் போடுங்கள்.

இரண்டாவது தாளில்: இன்றும் போடவில்லை. எனக்கு இறங்கவில்லை. உங்களுக்கு எப்படி?

அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் உப்பு. இரண்டு நாளும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிட்டிருந்தார்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்கப் போனார். கேட்கவில்லை. அதைக் கேட்கத் தனக்கு என்ன அருகதை என்று பட்டது. எதிரே உட்கார்ந்து, அவளும் அதே கஞ்சியைக் கஷ்டப்பட்டு விழுங்கியது இப்போது ஞாபகம் வந்தது. அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மதிய பஸ் மேட்டில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

*

சாயங்காலம் அவர் அந்த உறையிலிருந்து தாளை எடுத்தார்.

யாரும் எடுக்கச் சொல்லவில்லை. உலகம்மாள் உள்ளே அடுப்படியில் இருந்தாள். கஞ்சி கொதிக்கும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்துகொண்டே பிரித்தார்.

நீல மை. சொர்ணத்தின் சாய்ந்த எழுத்து. சாயங்காலம் வாசல்ல ரெண்டு சேர் போடுதேன். வந்து உக்காருங்க.

படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியது கைக்கு ஞாபகம் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. தான் என்ன நினைத்தோம் என்பதும் ஞாபகம் வந்தது. சேர் நனையாமல் காப்பாற்றிவிட்டோம் என்று அப்போது நினைத்திருந்தார்.

அப்போதுதான் கவனித்தார், தாள் இன்னும் முழுதாகப் பிரியவில்லை. கீழ் ஓரத்தை அரை விரல் அகலத்துக்கு உள்ளே மடித்து, அதற்கு மேல்தான் பாதியாக மடித்திருந்தாள். வெளியிலிருந்து அளந்தால் அது தெரியாது. அதையும் பிரித்தார்.

அங்கே இரண்டு வார்த்தை இருந்தது. பேச வேண்டாம்.

உலகம்மாள் வந்து கதவருகே நின்றபோது அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கிழவர்கள் அழுவது போல, சத்தமில்லாமல், மூக்கைத் துடைக்காமல் அழுதார்.

"மெஷினைப் போடவா அண்ணாச்சி?"

"வேண்டாம்."

"'கடைசி'ன்னு ஒரு அளவு சேத்து வச்சீங்களே, அது இருக்கட்டுமா?"

"அழிச்சிருங்க அம்மா. அளவு தப்பு."

முப்பத்தாறு வருசச் சர்வேயர் வேலையில் அவர் அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை. கிணறு போன அன்றுகூடச் சொல்லவில்லை.

எழுந்தார். சுவரோரம் தான் கொண்டுவந்து போட்டிருந்த நாற்காலியைத் தூக்கினார். முற்றத்துக்குக் கொண்டுபோய், வெளியே கிடந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். ஒரு சாண் இடைவெளி. அளந்து பார்க்கவில்லை.

ஒன்றில் உட்கார்ந்தார். தாளைச் சட்டைப் பையில் வைக்காமல் இரண்டு கைக்கும் நடுவில் பொத்தி வைத்துக்கொண்டார்.

சாரல் இறங்கியது. மலை மறைந்தது. பக்கத்து நாற்காலியில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, பிறகு வழிந்தது. அவர் தலையும் தோளும் நனைந்தன. பேசவில்லை.

உலகம்மாள் வந்து காலி நாற்காலியின் முதுகில் கை வைத்தாள்.

"நனையுதே அண்ணாச்சி. இதை உள்ள போட்டிரட்டுமா?"

"இருக்கட்டும் அம்மா," என்றார் காந்திமதிநாதன். "ஆள் இருக்கு."